சீட்டுக் குலுக்கிப் போட்ட கண்ணாடி

கோரைமேட்டுக் குப்பத்தில் பூவிழியை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் குப்பத்தில் யாரையும் பிடிக்காது என்பதால் இதில் பெரிய அநியாயம் ஒன்றும் இல்லை. பழவேற்காடு கடைத்தெருவில், பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், அவளும் அவள் புருஷன் வினோத்தும் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு, சாமி படத்துக்கு, பேக்கரி அலமாரிக்கு என்று வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டுவது பூவிழி. வினோத் பொன்னேரிப் பக்கம் நெல் போடுகிற குடும்பத்துப் பிள்ளை. அவன் அளவெடுப்பான், வண்டியில் ஏற்றுவான், வருகிறவர்களிடம் சிரிப்பான். சிரிக்கிற வேலையைப் பூவிழியிடம் விட்டிருந்தால் கடையை எப்போதோ மூடியிருக்க வேண்டும்.

கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள், ஏர் பிடிக்கிற வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக அவள் அண்ணன் கண்ணப்பன் மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மூன்று வருஷமும், அதற்கு மேல் ஐந்து வருஷமும் அவர்கள் சென்னையில் இருந்தார்கள். ஒரு காண்ட்ராக்டரிடம் ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று கண்ணாடி மாட்டும் வேலை. மாடிப்படிக்கு ஒரு கண்ணாடி, சமையலறைக்கு ஒரு கண்ணாடி, வெளிச்சுவருக்கு ஒரு கண்ணாடி என்று ஏன் தனித்தனியாக இறங்குகிறது என்று கேட்டுக் கேட்டு மேஸ்திரியின் உயிரை எடுத்தாள். அவள் எரிச்சல் பிடித்தவள்தான், ஆனால் சொன்னதை மறக்க மாட்டாள்.

ஓட்டல் ஒன்றில் வேலை முடிகிற சமயம் சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டது. நடுவில் இருந்த தடுப்பு, சூடேற்றிக் கெட்டிப்படுத்திய டஃபன் கண்ணாடி. காற்றுக்கு அசையாது, கல்லுக்கு லேசில் உடையாது என்று எல்லாரும் மெச்சிய கண்ணாடி. மூன்று நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மொத்தமும் கல்லுப்பு மாதிரி உதிர்ந்து விழுந்தது, நெருப்பு இந்தப் பக்கம் வந்துவிட்டது. இந்தப் பக்கம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் மணியம்மாள். பூவிழியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். மணியம்மாளின் வலது கை இன்றுவரை மடங்காது. பூவிழியின் கோபத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள் அங்கே போய்த் தேடலாம். குப்பத்தில் யாரும் தேடவில்லை.

குப்பத்துக்குப் புயல் கூடம் ஒன்றைக் கட்டித் தர ஒரு அறக்கட்டளை முன்வந்தபோதுதான் தகராறு ஆரம்பித்தது. பெரிய கூடம், அதை ஒட்டி ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு சாமான் அறை. புயல் என்று சொன்னதும் கோரைமேட்டு ஆம்பளைகள் முதலில் காப்பாற்றுவது பெண்டாட்டியையோ பிள்ளையையோ இல்லை. அவர்கள் எப்படியும் தானாக நடந்து வந்துவிடுவார்கள். போட்டிலிருந்து இன்ஜினைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். அப்புறம் வலை. அப்புறம் பெட்ரோல் கேன். இதையெல்லாம் வைக்கத்தான் அந்த அறை.

அறைக்கும் கூடத்துக்கும் நடுவே செங்கல் சுவர் என்றுதான் முதல் படத்தில் இருந்தது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. புயல் முடிகிறவரை இன்ஜின் கண்ணில் தெரிய வேண்டும் என்றார்கள். கோரைமேட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனை நம்பிப் பெண்ணைக் கொடுப்பான், இன்ஜினை நம்பி விட்டுவிட்டு வர மாட்டான். சரியென்று நடுச்சுவரில் மூன்று பெரிய கண்ணாடி வைக்க முடிவானது. அதற்கு அறக்கட்டளை இன்ஜினீயர் கவியரசன் ஒரு நிபந்தனை எழுதி வந்தான். அந்தக் கண்ணாடி ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும், ஏரிப் பக்கத்து ஷட்டர் பிய்ந்துபோனால் புயலையும் தாங்க வேண்டும்.

அவன் அதைக் கோயில் எதிரே படித்ததும் ஊரே சிரித்தது.

"இன்னா சார், மழ கொட்டிக்கினு இருக்கும்போது தீ எங்கிருந்து வரும்?" என்றார் ஊர்த் தலைவர். ஊர்த் தலைவர் வேறு யாருமில்லை, அண்ணன் கண்ணப்பன்தான்.

பூவிழி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "மழ வெளிய பெய்யும். பெட்ரோலு உள்ள இருக்கும். நைலான் வல உள்ள இருக்கும். அதுல ஒருத்தன் பீடி புடிப்பான். அப்புறம் இன்னா வேணும் உனக்கு?"

"நீ கடை வெச்சிகினு இருக்க. கண்ணாடி விக்கப் பாக்குற."

"நான் விக்கவே வேணாம். செங்கல்லுலயே கட்டு. இன்ஜின ஒரு நாள் பாக்கலனா செத்தா பூடுவ?"

ஊர்க் கூட்டத்தில் பெண்கள் இப்படிப் பேசுவதில்லை. அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. ஆனால் செங்கல்லுக்கு ஒரு கைகூட உயரவில்லை.

மூன்று கடைகள் போட்டிக்கு வந்தன. எளாவூரிலிருந்து சின்னதம்பி, டஃபன் கண்ணாடியோடு. பொன்னேரியிலிருந்து சந்தியாகு, உள்ளே கம்பி வலை வைத்த கண்ணாடியோடு. மூன்றாவது பூவிழி. அவள் சொன்னது இரண்டு மூன்று கண்ணாடிக்கு நடுவே தெளிவான பசை வைத்து ஒட்டிய கனமான கண்ணாடி. சூடு ஏறினால் அந்தப் பசை வெள்ளையாகப் பொங்கி நின்று, நெருப்பை மட்டுமில்லை, அனலையும் மறிக்கும். மேலே இன்னொரு கண்ணாடி ஒட்டி வருவதால் பறந்து வருகிற கட்டையையும் தாங்கும். கடையில் வெட்டக் கூடாது, அளவு சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் அடைக்க வேண்டும், இரும்புச் சட்டத்தில்தான் உட்கார வைக்க வேண்டும். அலுமினியச் சட்டம் போட்டால் கண்ணாடி நிற்கும், சட்டம் உருகிவிடும்.

மற்ற இருவரும் பொய் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். சின்னதம்பியிடம் சான்றிதழ் இருந்தது, காற்றுக்கு. சந்தியாகுவிடமும் இருந்தது, தீக்கு. டஃபன் புயலில் நிற்கும், தீயில் உதிரும். கம்பிக் கண்ணாடி தீயில் விரிசல் விட்டாலும் விழாமல் நிற்கும். ஆனால் அனலை அப்படியே இந்தப் பக்கம் அனுப்பும், கட்டை வந்து மோதினால் சாதாக் கண்ணாடியைவிடச் சீக்கிரம் உடையும், உப்புக் காற்றில் அந்தக் கம்பி ஓரத்திலிருந்து துருப்பிடித்துக் கண்ணாடியையே பிளக்கும். பூவிழி இதை மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது கெட்ட வார்த்தையும் சேர்ந்துகொண்டது.

அதற்கப்புறம் கோரைமேட்டுக்காரர்கள் அவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு முடிவை எடுத்தார்கள்.

ஏரியில் இறால் ஓடுகிற இடங்களை அவர்கள் அடித்துக்கொண்டு பிடிப்பதில்லை. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று வருஷத்துக்கு ஒரு தரம் கோயிலில் சீட்டு எடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பானையில் கை விட்டு எடுத்த சீட்டை யாரும் மீற மாட்டார்கள். அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளாமல் இத்தனை தலைமுறை ஓடியதற்கு அதுதான் காரணம். நல்ல வழக்கம், மறுப்பதற்கில்லை. அதைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் வைத்தார்கள்.

"மூணு கடை, மூணு கண்ணாடி," என்றான் கண்ணப்பன். "ஆளுக்கு ஒண்ணு. எவனுக்கு எந்தப் பக்கம்னு சீட்டு போட்ரலாம். யாருக்கும் மனத்தாங்கல் வேணாம்."

ஊர் மொத்தமும் நல்ல முடிவு என்றது. கவியரசன் தலையைச் சொறிந்தான். மூன்று பேரும் சான்றிதழ் கொடுத்தால் தனக்குப் போதும் என்றான். படித்தவன் சொல்கிற பேச்சா அது என்று பூவிழிக்கு அவனை அங்கேயே ஓர் அறை விடத் தோன்றியது.

அவள் அண்ணன் முன்னால் போய் நின்றாள். "வலையில மூணுல ஒரு பங்கு நல்லா கீது, மீதி ரெண்டு பங்கு கிழிசல்னா, அத்த எடுத்துகினு நீ கடலுக்குப் போவியாண்ணே?"

"உனக்கும் ஒரு பங்கு குடுத்துட்டோம்ல. இன்னும் இன்னா?"

அவனுக்குப் புரியவே இல்லை. அவள் பங்குக்காகச் சண்டை போடுகிறாள் என்றே கடைசிவரை நினைத்தான். சீட்டில் பூவிழிக்கு வலது கோடி வந்தது, நடுவில் சின்னதம்பி, இடது கோடியில் சந்தியாகு. மாட்டேன் என்று எழுந்து போக அவளுக்கு ஆசைதான். போனால் அந்த ஓரமும் அவர்களுக்கே போய்விடும் என்று வினோத் மெதுவாகச் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். இரும்புச் சட்டம், அதற்கென்று உள்ள தீத்தடுப்புப் பட்டை, ஓரம் முழுக்க அடைப்பு எல்லாம் செய்தாள். கண்ணாடி மூலையில் தயாரித்தவன் அழியாமல் பொறித்த முத்திரை கூடத்தின் பக்கம் தெரியும்படி வைத்தாள். பக்கத்தில் சின்னதம்பி பாட்டுப் பாடிக்கொண்டே அலுமினியச் சட்டத்தில் அரை நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனான்.

அந்த வருஷம் மார்கழி பிறக்குமுன் புயல் வந்தது. எண்ணூரில் எட்டாம் நம்பர் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று காலையிலேயே செய்தி. பத்து மணிக்குள் குப்பம் மொத்தமும் கூடத்தில். தன் கடையைப் பூட்டிவிட்டுப் பூவிழியும் வினோத்தும் வண்டியில் வந்து இறங்கினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பார்த்தாள். இன்ஜின்கள் வரிசையாக, வலைகள் குவியலாக, பெட்ரோல் கேன்கள் நடுக் கண்ணாடியை ஒட்டி முப்பதுக்கு மேல். அவற்றிலிருந்து நாலடி தள்ளி கேஸ் அடுப்பு. கூடத்தில் இடமில்லை என்று அங்கே அடுப்பு வைத்து, அண்ணி சுதா ஊருக்கே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் அதில் முதுகு சாய்த்து உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பிள்ளைகள் அண்ணன் பிள்ளைகள்.

மணியம்மாள் அன்று இப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தாள்.

அவள் அண்ணனிடம் போனாள். அந்த ஒரு தரம் கோபமில்லாமல் கேட்டாள். "அண்ணே, கேன மட்டும் வெளிய எடுக்கச் சொல்லு. உன் கால்ல விழுறேன்."

"வெளிய எங்க வெக்கிறது? தண்ணி அடிச்சிகினு போவட்டுமா? நடுவுல கண்ணாடி கீதே, அப்புறம் இன்னா பயம்?"

இதைக் கேட்டதும் அவளுக்கு ஒன்று விளங்கியது. கண்ணாடி இருக்கிறவரை இவர்கள் கண்ணுக்கு அது சுவர். எந்தக் கண்ணாடி என்பதெல்லாம் இந்த ஜென்மத்தில் ஏறாது. ஓட்டை என்றால் மட்டும்தான் ஓட்டை என்று தெரியும்.

அவள் அறைக்குள் போய் முதலில் அடுப்பை அணைத்தாள். சோறு வேகல என்று சுதா கத்தினாள். பூவிழி கூடத்துக்கு வந்து, பிள்ளைகளைக் கையைப் பிடித்து ஒவ்வொருவராக இழுத்துத் தள்ளி உட்கார வைத்தாள். வண்டியிலிருந்து சுத்தியலையும் கடப்பாரையையும் எடுத்து வந்தாள். வினோத் குறுக்கே வரப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டான்.

டஃபன் கண்ணாடியை நடுவில் அடித்தால் லேசில் உடையாது, மூலையில் ஒரு குத்து போதும். சின்னதம்பியின் கண்ணாடி ஒரே சத்தத்தில் தரையில் கொட்டியது. சந்தியாகுவின் கண்ணாடி அப்படி இல்லை. உடைந்தும் கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றது. கடப்பாரையால் நெம்பி நெம்பிப் பிய்த்துப் போட்டாள். அதற்குள் நாலு பேர் அவளைப் பிடித்துவிட்டார்கள். கண்ணப்பன் எல்லார் எதிரிலும் அவள் கன்னத்தில் அறைந்தான்.

அறைந்த கை இறங்குமுன் வாசனை வந்துவிட்டது. அதுவரை அந்தப் பக்கமே அடைபட்டுக் கிடந்த பெட்ரோல் நெடி, கண்ணாடி போன இரண்டு வாசல் வழியாகக் கூடத்துக்குள் குப்பென்று இறங்கியது. பிள்ளை பெற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி தன் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, எடுடா அத்த முதல்ல என்றாள். அப்புறம் எல்லாருமே கத்தினார்கள். ஆம்பளைகள் முணுமுணுத்துக்கொண்டே கேன்களைத் தூக்கிக்கொண்டு போய், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு நனைந்து திரும்பினார்கள்.

பகல் இரண்டு மணிக்குப் புயல் கரையேறியது. ஏரிப் பக்கத்து ஷட்டர் அரை மணி நேரம் அடித்துக்கொண்டு கிடந்து, பிய்ந்துகொண்டு உள்ளே வந்தது. காற்றும் மழையும் சாமான் அறையில் புகுந்து, பூவிழி உடைத்த இரண்டு வாசல் வழியாகக் கூடத்தில் நேராக அடித்தன. பாய், துணி, பிள்ளைகள் எல்லாம் தெப்பலாக நனைந்தன. அவளைத் திட்டாத வாய் இல்லை. குடும்பத்தையே இழுத்துத் திட்டினார்கள். நனையாத இடம் ஒன்றுதான் இருந்தது, வலது கோடியில் அவள் போட்ட கண்ணாடிக்குப் பின்னால். ஷட்டரின் ஒரு தகடு அதில் வந்து மோதியபடியே இருந்தது. ஒட்டியதில் வெளிப்பக்கத்துக் கண்ணாடியில் ஒரு நீண்ட விரிசல் விழுந்தது, கண்ணாடி அசையவில்லை. கைக்குழந்தைக்காரிகள், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி, கிழங்கள் என்று ஊர் மொத்தமும் அந்த ஆறடிக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது. உட்கார்ந்துகொண்டே அவளைத் திட்டியது. பூவிழியை அங்கே யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டாள். நடுக் கண்ணாடி இருந்த வாசலில் வினோத்தோடு நனைந்துகொண்டு நின்றாள்.

தீ பிடிக்கவே இல்லை. அதுதான் அவள் செய்த பெரிய குற்றம்.

மறுவாரம் ஊர் கூடியது. தண்ணீர் பட்டு ஏழு இன்ஜின் கெட்டிருந்தது, வலைகள் சேறாகிக் கிடந்தன. தீயே வராத நாளில் கண்ணாடியை உடைத்தவளுக்கு என்ன தண்டனை என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். உடைத்த இரண்டையும் உடைத்தவளே போட்டுத் தர வேண்டும், அதுவரை அவளோடு யாருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது என்று முடிவானது. ஒருவர் எழுந்து, அண்ணன் என்று ஒருவன் இருந்தும் அடக்கவில்லை, அவனுக்கு என்ன தண்டனை என்றார். அடுத்த வருஷம் பாடு எடுக்கும்போது கண்ணப்பன் பெயர்ச் சீட்டைப் பானையில் போடுவதில்லை என்று அதையும் முடித்தார்கள். தலைவர் பதவியும் போனது. கண்ணப்பன் தலையாட்டி ஒத்துக்கொண்டான். ஊர் முடிவு அவனுக்கு எப்போதும் ஊர் முடிவுதான்.

இரண்டையும் நீயே போடு என்று தண்டனை சொன்னபோது பூவிழி வாயே திறக்கவில்லை. திறந்தால் சிரித்துவிடுவோமோ என்று பயந்தாள். அண்ணன் பெயர் வந்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்போடு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தன்னை அறைந்தவனுக்காக அழுவதும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

விரிசல் விட்டதையும் கழற்றிவிட்டு மூன்று வாசலுக்கும் கண்ணாடி சொல்லி வரவழைத்தாள். அதற்காகக் கடையைத் தவிர வினோத்திடமும் அவளிடமும் இருந்ததெல்லாம் போனது. வினோத் வழக்கம்போல் சிரித்தான், அந்தச் சிரிப்பில் சத்து இல்லை. கனமான கண்ணாடி. தூக்க ஆறு கை வேண்டும். குப்பத்தில் யாரும் வரவில்லை. பொன்னேரியிலிருந்து வினோத்தின் சொந்தக்காரர்கள் இரண்டு பேரை அழைத்து வந்து மூன்று நாளில் மாட்டி முடித்தாள். முடித்து ஓரம் அடைத்து, மூன்று முத்திரையையும் தன் விரலால் தடவிப் பார்த்தாள். உபத்திரவம் பிடித்த பொம்பளை என்று குப்பத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் மறுபடியும் புயல் எச்சரிக்கை. கூடம் திறந்தார்கள். பூவிழியும் வினோத்தும் ஓரமாகத் தங்கள் பாயை விரித்தார்கள். ஆம்பளைகள் இன்ஜினைக் கொண்டுவந்து உள்ளே இறக்கினார்கள், வலையை இறக்கினார்கள். கேன்களை மட்டும் வாசலிலேயே வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோற்றுப் பானையோடு சுதாவும் நின்றாள். அடுப்பை அவள் இந்தத் தரம் மழைச்சாரல் படுகிற வெளிக் கொட்டகையில் வைத்திருந்தாள்.

கடைசியில் கண்ணப்பன் வந்தான். பத்து மாசமாகத் தங்கச்சி முகத்தைப் பார்க்காதவன் இப்போதும் பார்க்கவில்லை. வினோத்துக்கு எதிரே நின்று, அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துப் பேசினான்.

"மாப்ள, உன் பொண்டாட்டியாண்ட கேளு. இப்போ கேன உள்ள வெக்கலாமா?"

வினோத் திரும்பினான். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவள் இரண்டு அடி தூரத்தில்தான் இருந்தாள்.

பூவிழியும் அண்ணனைப் பார்க்கவில்லை. "ஒரு மணி நேரம் தாங்கும்னு சொல்லு," என்றாள். "அதுக்குள்ள அவன் புள்ளைங்கள தூக்கிகினு வெளிய ஓடச் சொல்லு."